இன்னொருதரம்

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியவர் திரும்பி ஏறுகிறார். பூட்டைப் பிடித்து ஓர் இழுப்பு. பூட்டித்தான் இருக்கிறது. என்றைக்கும் பூட்டித்தான் இருக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே குரல் கொடுப்பார்: "அண்ணே, பூட்டு கையோட வந்துறப் போகுது!" இவர் ஒரு சிரிப்பை உதிர்த்துவிட்டுக் கீழே போய் வண்டியைக் கிளப்புவார். அப்போதுதான் அடுப்பு ஞாபகம் வரும்.

லிஃப்ட் மெக்கானிக். ஊரார் கம்பிவடத்தில் தொங்கும் ஒரு பெட்டிக்குள் நுழைந்து, பொத்தானை அமுக்கிவிட்டு, கண்ணாடியில் தலை வாரிக்கொள்கிறார்களே, அந்த நிம்மதியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் வேலை. பிரேக்கைப் பார்ப்பார். கதவு ஒழுங்காகக் கவ்வுகிறதா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்து கருவிப்பெட்டியை மூடிய பிறகு, "இன்னொருதரம் பாத்துருவோம்" என்பார். கூட வேலை செய்கிறவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "இன்னொருதரம் அண்ணே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டால், டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்று ஒரு கிண்டல் உண்டு. பாதி கிண்டல்தான்.

அவர் வாழ்க்கையில் தீப்பிடித்ததில்லை, திருடன் வந்ததில்லை, கம்பி அறுந்ததில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு பயம் என்றால், அதற்கும் தயாராக ஒரு நியாயம் வைத்திருக்கிறார். "பாத்துக்கிட்டே இருந்ததாலதான ஒண்ணும் நடக்கல?"

போன வருஷம் மனைவிக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. சமையலறையில் நின்றிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். அடைப்பை எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அவள் நெஞ்சு என்ற அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்பது அவருக்குள் ஆணியாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் கண்ணயர்ந்தால் போதும், பூனை மாதிரி வந்து, புறங்கையை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். வெதுவெதுப்பாகக் காற்று படும். போய்ப் படுப்பார். மறுபடி எழுந்து வருவார்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் அந்த வீட்டில் ஏலம் நடக்கும். நோன்பிருக்கும் அந்த நாற்பது நாளைக்கு யார் எதை விடுவது என்பதுதான் ஏலம். மகள் முதலில் ஆரம்பித்தாள். கல்லூரியில் படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். "நான் ரீல்ஸ் பாக்குறத விடுறேன்." மனைவி தொலைக்காட்சித் தொடரை விட்டாள். இவர் தட்டைப் பார்த்தபடி, "நான் டீயில சர்க்கரைய விடுறேன்" என்றார்.

"அப்பா, அது டாக்டர் சொல்லி ஏற்கெனவே விட்டதுப்பா. ஆண்டவர ஏமாத்துறீங்களா?"

"அப்ப சிகரெட்டு."

"நீங்க எப்பப்பா சிகரெட்டு குடிச்சீங்க?"

சிரிப்பு அடங்கியதும் மனைவி நிதானமாகச் சொன்னாள். "ஏங்க, என்னை இழுத்துப் பாக்குறத விடுங்களேன்."

அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

"மூக்குக்கிட்ட கைய வைக்கிறீங்கல்ல? கிரீஸ் வாசன வந்தாலே எனக்கு முழிப்புத் தட்டிருது. கண்ணத் தொறந்தா, 'என்ன பண்ணுது, என்ன பண்ணுது'ன்னு விளக்கப் போட்டுருவீங்க. அதான், தூங்குற மாதிரியே கெடந்து மூச்ச கொஞ்சம் சத்தமா விடுவேன். நீங்களும் நிம்மதியாப் போயிருவீங்க. அப்புறம் எனக்குத் தூக்கம் எங்க வருது? மாத்திரையவிடத் தூக்கம்தான் முக்கியம்னு டாக்டர் தலப்பாடா அடிச்சிக்கிட்டாரே, நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

அவர் பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்தார். இத்தனை மாதமும் தன் கையில் பட்டது அவள் மூச்சல்ல, அவள் தந்த ஆறுதல். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் உறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறார். எழுந்து கை கழுவப் போனார். குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

ஒரு விலக்கு கிடைக்காதா என்று பங்குச் சாமியாரிடம் போனார். தேவாலயத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த சாமியார் எல்லாவற்றையும் கேட்டார்.

"வேலையில பாக்குறத மட்டும் விட்றாதீங்கப்பா. நீங்க பாக்குற லிஃப்டுலதான் நானும் பல் டாக்டரப் பாக்கப் போறேன்."

"அது இல்ல சாமி. வீட்ல... நான் பாக்காத நேரம் பாத்து ஏதாச்சும் ஆயிட்டா?"

சாமியார் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "பயமா இருக்குல்ல?"

"ரொம்ப, சாமி."

"சர்க்கரைய விட்டா யாருக்காவது பயமா இருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு திரும்பியவர் மனைவியிடம், "சரி, விட்டாச்சு" என்றார், பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி. அந்த வாரமெல்லாம் முகம் வெளிறித் திரிந்தார். வேலையிடத்தில் பிரேக்கை வழக்கத்தைவிட அதிகமாகச் சோதித்து, "அண்ணே, இன்னிக்கு லிஃப்டுக்கே சலிச்சுப்போச்சு" என்று பேச்சு வாங்கினார்.

விடுமுறை நாள் மத்தியானம். மகள் வெளியே போயிருந்தாள். மனைவி கட்டிலில் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவர் நாற்காலியை அறைவாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. சத்தமாக விட வேண்டிய அவசியம் இனி அவளுக்கு இல்லை. உண்மையாகவே தூங்குகிறாள். தூங்கத்தான் செய்கிறாள். வேறென்ன?

தோளுக்குக் கீழே போர்வை லேசாக ஏறி இறங்கியது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போர்வையை அசைப்பது அவளா, காற்றா? அன்றைக்குச் சுவரோடு சரிந்தபோதும் அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

எழுந்தார். சுவிட்ச் கதவோரத்தில்தான் இருந்தது. விசிறியை ஒரு நிமிஷம் நிறுத்தினால் தெரிந்துவிடும். மூக்கருகே கை வைக்கவில்லை. அவளைத் தொடக்கூட இல்லை. சொன்ன சொல்லுக்கும் பங்கம் இல்லை. விரல் சுவிட்சின் மேல் போய் உட்கார்ந்தது.

அமுக்கினால் காற்று நிற்கும், புழுக்கத்தில் அவள் விழித்துக்கொள்வாள்.

விரலை எடுத்தார். திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார். போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.