அப்புறம் அக்கா

"டீ வேணுமாக்கா?" என்று கேட்ட அலுவலகப் பணியாளர் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, தட்டையும் துடைத்து வைத்த பிறகு, "குடுங்க, சர்க்கரை கம்மியா இருக்கட்டும்" என்கிறாள் அக்கா. கண் இன்னும் கம்ப்யூட்டர் திரையில்தான் இருக்கிறது. கேட்டவர் கோபித்துக்கொள்வதில்லை. அவளுக்கென்று ஒரு கோப்பையை முன்கூட்டியே ஊற்றி மூடி வைத்திருக்கிறார். அதை எடுத்து வந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது "அப்புறம்" என்ற ஒற்றைச் சொல்தான். அதனால் அலுவலகம் முழுவதற்கும் அவள் அப்புறம் அக்கா. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று முணுமுணுப்பார்கள். அடுத்த வாரம், தாங்களே மறந்துபோன கேள்விக்குப் படிக்கட்டில் வைத்துப் பதில் கிடைக்கும். "அன்னைக்குக் கேட்டியே, அது முடியும். ஆனா ரெண்டா பிரிச்சு எழுதணும்." அவளிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல் இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும். மேலே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவே.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மேசைக்கடியில் சூடாக இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் பாதங்களை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். சாப்பாட்டிலும் ஒழுங்குண்டு. டப்பாவில் இருப்பதில் ஒன்றை முழுக்க முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டாள். பேசிக்கொண்டே சாப்பிடுவதும் கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் விவரமானவர். இரவுச் சாப்பாட்டின்போது தெரியவேண்டியதைக் காலையிலேயே கேட்டு வைத்துவிடுவார். நாத்தனாருக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. "உங்க வீட்டம்மாகிட்டப் பேசறதும் சுவத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுதான்" என்று அண்ணனிடம் குறைபட்டுக்கொள்வாள். மகளுக்குப் பத்து வயது. பள்ளியில் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள், போகட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி, தாளித்து, இறக்கி வைத்துவிட்டு, "தாராளமாப் போயிட்டு வா" என்றாள். அதற்குள் அந்தப் பெண், அம்மா வேண்டாம் என்றுவிட்டதாகத் தோழிக்குப் போனில் சொல்லி, ஒரு மூச்சு அழுதும் முடித்திருந்தாள். அக்காவுக்கு அன்று மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

அவள் வேலை பார்க்கும் நிறுவனம் சின்னது. காது கேட்கும் திறனைச் சோதிக்கிற கருவி செய்கிறார்கள். சோதனைக்கு வந்தவரைச் சத்தம் புகாத சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். மெல்லியதாக ஒரு சத்தம் வரும். கேட்டால் அமுக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்குள் அமுக்காவிட்டால், கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு கருவி சத்தத்தைக் கூட்டும். வெளியே திரையில் புள்ளி புள்ளியாக வரைபடம் உருவாகும். அந்தத் திரைக்குப் பின்னால் ஓடுகிற மொத்த நிரலும் அக்காவின் கைவண்ணம்.

நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் தனித்தனியாக ஓடும், அவற்றை த்ரெட் என்பார்கள். அதில் ஒரு சட்டம் உண்டு. திரையின் தோற்றத்தைக் கவனிக்கிற இளைஞனுக்கு, எதைத் தொட்டாலும் மினுக்க வைக்கிறவன் என்பதால் ஜிகினா என்று பெயர். அவன் வந்த புதிதில் அக்கா அந்தச் சட்டத்தை இப்படிச் சொன்னாள்: "உள்ள எத்தனை த்ரெட் வேணா ஓடட்டும் தம்பி. ஒருத்தன் சத்தம் அனுப்புவான், ஒருத்தன் பொத்தானக் கவனிப்பான். ஆனா திரையத் தொடற ஆள் ஒருத்தன்தான். அவன் மெயின் லூப். மத்தவங்க யாரும் அந்தப் பக்கம் கைய நீட்டக்கூடாது. நீட்டினா ஒருநாள் எல்லாம் கவுந்துடும். சொல்ல வேண்டியத க்யூல போட்டுட்டுத் தன் வேலையப் பாக்கணும். அவன் கை ஒழியறப்ப ஒண்ணொண்ணா எடுத்துப்பான்."

"உங்கள மாதிரியாக்கா?" என்றான் ஜிகினா.

அதற்குப் பதில் அன்று சாயங்காலம் வந்தது. "ஆமா, என்ன மாதிரிதான்."

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காது பரிசோதகரிடமிருந்து போன் வந்தது. ஊர்க்கோடியில் சின்ன மருத்துவ நிலையம் வைத்திருக்கும் அம்மாள் அவர். அனுபவஸ்தர். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "நீங்க புது வெர்ஷன் போட்டுவிட்டதுலேர்ந்து வர்றவங்க பாதிப் பேருக்கு இடது காது மந்தம்னு காட்டுது. அதெப்படிங்க எல்லாருக்கும் இடது காது மட்டும் போகும்?"

"அப்புறம் சொல்றேங்க" என்று அக்கா வைத்துவிட்டாள். ஆனால் அன்று கை ஓடவில்லை. அலுவலகத்துக் கருவியில் சோதித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவ நிலையத்துக்கே போய்விட்டாள்.

அங்கே நாற்காலியின் நுனியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுநர். பாதி வாழ்க்கை ஸ்டியரிங்கிலேயே கழிந்தவர். நிர்வாகம் அனுப்பிய வருடாந்திரச் சோதனையில் இடது காது மந்தம் என்று வந்ததால் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு பணிமனை வாசலில் காவலுக்கு நிற்கவைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு மாதிரி அறிக்கை போகாவிட்டால் இனி வண்டி கிடையாது. ஓய்வு பெறுகிறவரை வாசல்தான். மறுசோதனை கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்து, வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"கேட்டுது, அமுக்கினேன்னு அன்னைக்கு அடிச்சுச் சொன்னேம்மா. இப்ப எனக்கே நம்பிக்கை இல்ல. வீட்ல எல்லாரும் கத்திப் பேசறாங்க. கத்தாமப் பேசினா கேக்குதான்னு சோதிச்சுப் பாக்கக்கூடப் பயமா இருக்கு."

அக்கா பையைக் கீழே வைத்தாள். கூண்டுக்குள் போய்த் தானே உட்கார்ந்தாள். வலது காது முடிந்து இடது காது வந்தது. ஒவ்வொரு சத்தமும் தெளிவாகக் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் அமுக்கினாள். வெளியே வந்து பார்த்தால் அவளுக்கும் இடது காது மந்தம்.

கொஞ்ச நேரம் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்பவும் எந்தக் காத முதல்ல பாப்பீங்க?" என்று பரிசோதகரிடம் கேட்டாள்.

"வலதுதான். அதுதான் பழக்கம்."

"இப்ப இடதுல ஆரம்பிங்க. நான் மறுபடி உக்கார்றேன்."

இந்தமுறை இடது காது பழுதில்லை. வலது காது செவிடாகியிருந்தது. பரிசோதகர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் காது கடைசியில் வருகிறதோ அந்தக் காது மாட்டிக்கொள்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புது வெர்ஷனில் ஜிகினா ஒவ்வொரு புள்ளியையும் மினுமினுக்க வைத்திருந்தான். புள்ளிகள் கூடக் கூட, அத்தனையையும் மினுக்குவதிலேயே மெயின் லூப்புக்குப் பொழுது போய்விடும். அலுவலகத்தில் இருப்பவை புதுக் கம்ப்யூட்டர்கள், சமாளித்துக்கொண்டன. இங்கே இருப்பது கிழடு. பொத்தான் அமுக்கிய செய்தி உடனே க்யூவுக்கு வந்து நிற்கும். மெயின் லூப் மினுக்கி முடித்துவிட்டு ஆற அமர எடுக்கும். அதுவரை தப்பில்லை. ஆனால் அமுக்கிய நேரம் எது என்று குறிக்கிற வரியை அக்கா எழுதியிருந்தது, செய்தி எடுக்கப்படுகிற இடத்தில். பொத்தானைக் கவனிக்கிறவன் அங்கேயே நேரத்தைக் குறித்துச் செய்தியோடு சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். செய்தி எடுக்கப்பட்ட நேரம் கெடுவைத் தாண்டியிருக்கும். கருவி, கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ளும். அந்த மனிதர் சரியான நேரத்தில்தான் அமுக்கியிருக்கிறார்.

மகளின் சுற்றுலா அப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தாமதமாக வந்த பதிலை, பதிலே வராததாக எடுத்துக்கொண்டு அழுத பிள்ளை. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னாள்.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் தொழில் செய்கிறவர். "கண்டுபிடிச்சிட்டியா, சந்தோஷம்மா. அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். வெளிய சொன்னா கருவியையே திருப்பி அனுப்பிடுவாங்க. என்ன சொல்ற?"

"முடியாது சார்."

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அவளிடமிருந்து கேட்ட மூச்சோடு ஒரு பதில் வந்ததே இல்லை. 'அப்புறம்' என்பாள், அதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இந்த வெர்ஷன்ல சோதிச்ச எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும் சார். ஒருத்தருக்கு வண்டி ஓட்டற வேலை போகப்போகுது, இங்கதான் நிக்கறாரு. தப்பு என்னோடது. ஜிகினா தலையில போடாதீங்க."

"இரும்மா. யோசிச்சு அப்புறம் சொல்றேன்."

"யோசிங்க சார். அதுக்குள்ள நான் இங்கயே உக்காந்து சரி பண்றேன்."

ஓட்டுநர் பக்கத்தில் நின்று பாதியைக் கேட்டிருந்தார், பாதி புரியவில்லை. அக்கா அவரை உட்காரச் சொல்லி விளக்கினாள். "நீங்க அமுக்கினது உடனே வந்து சேர்ந்துடுச்சுண்ணா. எடுத்துக்க வேண்டியவன் வேற வேலையா இருந்தான். நீங்க அமுக்கின நேரத்த விட்டுட்டு, தான் கையில எடுத்த நேரத்தக் குறிச்சுட்டான்."

அவர் யோசித்தார். "அப்ப நான் ஸ்டாப்புக்கு நேரத்துக்கு வந்துட்டேன். அங்க நேரம் குறிக்கிற ஆளு டீ குடிக்கப் போயிட்டான். திரும்பி வந்து, பஸ் லேட்டுன்னு எழுதிட்டான்."

"அதேதான்."

"அப்ப அவன்தானம்மா லேட்டு" என்றார். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. ஆனாலும், தனக்குக் கேட்டது நிஜம்தானா என்பது அவருக்கு இன்னும் தெரிந்தபாடில்லை.

மதியம் முழுக்க அக்கா பரிசோதகரின் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். நேரம் குறிக்கிற வரியைப் பொத்தானைக் கவனிக்கிறவனிடமே கொடுத்தாள். மினுக்கலை நிறுத்தினாள். மாறிமாறித் தன் இரண்டு காதுகளையும் சோதித்துப் பார்த்தாள். நடுவில் பரிசோதகர் சாப்பிடக் கூப்பிட்டதற்கு "அப்புறம்" என்றாள். முதலாளி மறுபடி அழைத்தார். திட்டிக்கொண்டேதான் பேசினார், ஆனால் புது வெர்ஷன் போட்ட இடங்களுக்கெல்லாம் தானே போன் பண்ணி, சோதித்தவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருந்தார். "ரெண்டு பேரு கருவிய எடுத்துட்டுப் போன்னுட்டாங்க. உனக்கு நிம்மதியா?" என்றார். "ஆமா சார்" என்றாள் அக்கா. அதுவும் உடனே.

ஓட்டுநர் கூண்டுக்குள் போனார். ஹெட்போனை மாட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலது காது சிக்கலில்லாமல் முடிந்தது. இடது காது தொடங்கியதும் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இனி நிரலுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை. நிஜமாகவே மந்தமாக இருந்துவிட்டால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மினுக்காமல், சாதுவாக. கீச்சென்று வருகிற சத்தங்களில் மட்டும் ஒன்றிரண்டு தவறின.

"வயசுக்கு ஏத்த அளவுதான். தாராளமா வண்டி ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு, பரிசோதகர் அறிக்கையை அச்செடுக்க உள்ளறைக்குப் போனார்.

முடிந்துவிட்டது என்று கூண்டுக்குள் இருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மூடிய கண்ணைத் திறக்காமல், பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். அக்கா எழுந்து போய்க் கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டினாள். அவர் கட்டைவிரல் சட்டென்று பொத்தானை அமுக்கியது. கதவைத் திறக்கப்போன கையை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இன்னொரு முறை, இன்னும் மெதுவாகத் தட்டினாள்.