12345679-ஐ வைத்துப் பிழைத்தவன்

கால்குலேட்டர் வியாபாரத்தில் வாய் ஓய்ந்தால் கடை ஓய்ந்தது. செல்போனிலேயே கணக்குப் போடலாம் என்று ஊரே சொன்ன காலத்தில், மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தம் பக்கத்தில் நான் அதைத்தான் விற்றேன். கூவி விற்றவர்களுக்கு என் தொண்டை புரியும்.

ஏழு பிடித்தவர்

என் வித்தையே ஒரு எண்தான்: 12345679. எட்டு கிடையாது, கவனியுங்கள். வந்தவருக்குப் பிடித்த இலக்கத்தை ஒன்பதால் பெருக்கி, வந்ததை இந்த எண்ணோடு பெருக்கினால், அதே இலக்கம் ஒன்பது தடவை வரிசை கட்டி நிற்கும். ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவர் ஏழு என்றார். ஏழொன்பது அறுபத்து மூன்று. தட்டினேன், 777777777. கூட்டம் கைதட்டியது. அவர் நிதானமாகச் சொன்னார்: "ஏழு புடிக்கும்னுதாங்க சொன்னேன். ஒம்போது ஏழ வச்சிகினு நான் என்னா பண்றது?"

பெட்டிச் சரக்கு

பழைய சரக்கு தீர்ந்ததும், கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கடலூரில் ஒரு பெட்டி எடுத்தேன். அட்டையில் 'பன்னிரண்டு இலக்கம்' என்று அச்சு. கடையில் பிரித்து வித்தையைப் போட்டால் திரையில் E, அதாவது பிழை. உள்ளே இருந்த அத்தனையும் எட்டு இலக்கம்தான் தாங்கும். என் விடையோ ஒன்பது. அது விற்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

அன்றே பஸ் ஏறிப் போய் மொத்தக் கடைக்காரர் முகத்துக்கு நேரே ஒன்பதால் பெருக்கிக் காட்டினேன். வர வேண்டியது 111111111, வந்தது E. சரக்கைத் திருப்பி எடுக்கவே மாட்டேன் என்றார். தொண்டை கட்டும்வரை கத்தி விலையைக் குறைக்க வைத்தேன், அவ்வளவுதான். வாசல்வரை வந்து கேட்டார்: "பதினோரு கோடிக்குக் கணக்குப் போடறவன் உன் கடைக்கு ஏன்யா வர்றான்?"

சரோஜா அக்காவின் மூன்று

பக்கத்துக் கடை வளையல் சரோஜா அக்காவுடையது. நான் பெட்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒன்றை எடுத்து, என் எண்ணைச் சும்மா மூன்றால் பெருக்கினார். 37037037. E வரவில்லை! ஆறால் பெருக்கினார், 74074074. அதுவும் நின்றது.

எனக்கும் ஆசை வந்தது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டினேன்: 37. அந்த 37-ஆல் எண்ணையே வகுத்தேன், மீதியில்லாமல் 333667. இத்தனை வருஷம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா சொன்னார்: "பொட்டிய ஒதைக்காதீங்க தம்பி. அது ஒழுங்காத்தான் இருக்குது, நீங்கதான் ஓவரா கேட்டுட்டீங்க."

மறுநாள் வந்தவர்

அட்டைகளில் பன்னிரண்டை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன், விலையையும் இறக்கினேன். மூன்றால் பெருக்கும் புது வித்தைக்கு முதல் போணி, குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து பால் கொண்டுவருகிறவர். மறுநாள் சைக்கிளை வேகமாக நிறுத்திவிட்டு என்னை நோக்கி வந்தார். சண்டைதான் என்று நானும் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினேன். அவர் சொன்னார்: "வூட்ல ஆளாளுக்கு முப்பத்தேழு முப்பத்தேழுன்னு அடிச்சிகினே கெடக்கறாங்க. பால் கணக்குப் போட அது என் கைக்கு வரலைங்க. இன்னொன்னு குடுங்க."

பெட்டி காலியானது: ஒன்பதால் பெருக்கியபோது கைதட்டிவிட்டுப் போன ஊர், மூன்றால் பெருக்கியபோதுதான் பைக்குள் கையை விட்டது.