மஞ்சள் தடவாத இரைப்பை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவியாக இருந்தபோது, அந்தக் கோபத்தில் பாதியைச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் மேல் கொட்டினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் வேலை டெஸ்மின் என்ற புரதத்தைத் தேடுவது. தசைச் செல் உருக்குலையாமல் உள்ளே பந்தல்கால் மாதிரி நின்று தாங்குகிற நார் அது. சும்மா பார்த்தால் தெரியாது. அதை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை முதலில் திசுவின் மேல் விட வேண்டும். அப்புறம் அந்த ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆன்டிபாடி. இந்த இரண்டாவதில் ஒரு சாயம் கட்டியிருக்கும். மைக்ராஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். பச்சை எங்கேயோ, டெஸ்மின் அங்கே.

முதல் ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பி. எங்கள் மேடம், அதாவது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, கறாராகச் சொல்லிவிட்டார்.

"உனக்கு ரெண்டு தடவைக்குத்தான் தருவேன். கோழி இரைப்பை முழுக்கத் தசைதான, அதுக்குள்ள அதுல டெஸ்மினக் காட்டிப்போடு. காட்டுனா ஆஸ்பத்திரியில இருந்து வர்ற கட்டிகளப் பாக்கற வேலை உனக்கு. இல்லீன்னா உன்ற சீனியர்கிட்டக் குடுத்துருவேன்."

அந்தக் கட்டிகளுக்காகத்தான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். ஒரு கட்டி தசையிலிருந்து முளைத்ததா இல்லையா என்று டெஸ்மின் சொல்லிவிடும். அந்த வேலை கைநழுவினால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

போத்தனூரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா நாட்டுக்கோழி அடித்தார். இரைப்பையை எனக்குக் கொடுங்கள், ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தேன். சுத்தமாகக் கழுவி, வாழையிலையில் பொதிந்து, தூக்குப்போசிப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தார். இலையைப் பிரித்தபோது மஞ்சளாகத் தெரிந்தது. இரைப்பையின் உள்தோல் இயற்கையிலேயே மஞ்சள்தானே. நான் எதையும் யோசிக்கவில்லை.

உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சிலைடில் ஒட்டி, ஆன்டிபாடி விட்டு, மறுநாள் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பச்சை. கண்ணைப் பறிக்கிற பச்சை. ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தேன். மேடம் பார்த்துவிட்டு மொத்த ஆய்வகத்தையும் கூப்பிட்டார். போண்டாவும் காப்பியும் வந்தன. சீனியர் மூஞ்சி சுண்டிப்போனதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டாவது போண்டாவைக் கடித்துக்கொண்டே மேடம் கேட்டார். "மொத ஆன்டிபாடி போடாத சிலைடு எங்க?"

சோதனைக்கு அப்படி ஒன்று வைப்பது வழக்கம். முதல் ஆன்டிபாடி இல்லையென்றால் இரண்டாவதுக்கு ஒட்ட இடமில்லை. இருட்டாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. எடுத்து வைத்தேன்.

அதுவும் பச்சை. முதலாவதைவிடக் கொஞ்சம் அழகான பச்சை.

மேடம் போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சீனியர் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். நான் ஆன்டிபாடி அனுப்பிய கம்பெனியைத் திட்டினேன், மைக்ராஸ்கோப்பைத் திட்டினேன், அடிக்கடி போகிற கரண்டைத் திட்டினேன். சீனியர் ஏதாவது பண்ணியிருப்பாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். பாவம் அந்த மனுஷர்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரம்மா ஆவலோடு கேட்டார். "ஏனுங்க அம்மணி, இரைப்பை நல்லா இருந்துச்சுங்களா? உங்க மேடம் ஏதாச்சும் சொன்னாங்களா? மஞ்ச நல்லாப் புடிச்சிருந்துச்சுங்களா?"

"மஞ்சளா? எதுக்குங்க மஞ்சள்?"

"பின்ன, வெறுங்கறிய எப்புடிக் குடுத்துவுடறது? பெரிய படிப்புப் படிச்சவங்க கைக்குப் போறது. ரெண்டு மடங்காவே தடவி வச்சேன்."

மஞ்சளும் நீல வெளிச்சத்தில் பச்சையாகத்தான் ஒளிரும். போண்டா தின்று கொண்டாடியது அந்த அம்மா வீட்டு மஞ்சள்தூளை. வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. படியில் உட்கார்ந்து, இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கிறது, அதுவும் கெட்டால் என் படிப்பு அவ்வளவுதான் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

"இதுக்குப் போயி ஏன் கண்ணு கலங்கற" என்றவர், மறுநாள் விடிந்ததும் முட்டையிடுகிற கோழியையே பிடித்துவிட்டார். வேண்டாங்க என்றேன், கேட்கவில்லை. நான் பக்கத்திலேயே காவல் நின்றேன். கழுவி முடித்த அவர் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போனது. எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கை பழக்கத்துல போயிருச்சு கண்ணு. ஆனா மஞ்ச இல்லாமக் குடுத்துவுட்டா உங்க மேடம் என்னயப் பத்தி என்ன நெனைப்பாங்க?" நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

அந்த இரைப்பையைச் சீவி, எனக்கு மிச்சமிருந்த ஆன்டிபாடியைக் கடைசிச் சொட்டுவரை வழித்துப் போட்டேன். மறுநாள் மேடமே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் கதையைக் கேட்டுச் சிரித்தவர்தான், இப்போது சிரிப்பில்லை. "மொத ஆன்டிபாடி போடாதத மொதல்ல வை."

வைத்தேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலீங்க மேடம்."

"நல்லாப் பாரு."

"கும்மிருட்டுங்க."

அடுத்ததை வைத்தேன். இருட்டுக்குள் மெல்லிய பச்சை இழைகள், செல் செல்லாக, நீளவாக்கில் ஓடின. மேடம் என்னை நகரச் சொல்லிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலேயே, "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போயிக் கட்டிய வாங்கிட்டு வந்துரு" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேடம் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"அழுதுக்கோ அம்மணி. லென்சுல மட்டும் தண்ணி படாமப் பாத்துக்க."