புரட்டாசிக் கேக்கும் முட்டைப் பரிசோதனையும்

என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்த வாரத்தில்தான் முதன்முதலாக அவித்த முட்டை கொடுத்தேன். முதலில் மஞ்சள் கரு, மூன்று நாள் விட்டு வெள்ளைக் கரு. வெள்ளைக் கரு உள்ளே போன கால் மணி நேரத்தில் உதட்டைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. வயிற்றிலும் நாலைந்து. அவளுக்கு மூச்சில் தொந்தரவு இல்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து தேனிக்குப் போய்ச் சேர்வதற்குள் தடிப்பெல்லாம் மங்கிவிட்டது. டாக்டரம்மாவிடம் காட்டக் கைபேசிப் படங்கள்தான் மிச்சம். அவற்றில் பாதியில் என் கட்டைவிரல். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டது என் மாமனார். கிடாவெட்டில் முன்வரிசையில் நிற்கிறவர். ஊசி ஏறியதும் அவள் ஒரே ஒரு முறை வீறிட்டு அடங்கிவிட்டாள். மாமாவைத்தான் பெஞ்சில் படுக்கவைத்து விசிற வேண்டியிருந்தது.

மதுரைக்குப் போன ரத்தத்தின் முடிவு நாலு நாளில் கைபேசிக்கு வந்தது. வெள்ளைக் கருவுக்கு நேரே ஒரு எண். பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’.

“தடிப்பும் வந்திருக்கு, ரத்தமும் ஒத்துப்போகுது. இப்போதைக்கு முட்டை வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாயிரும்” என்றார் டாக்டரம்மா. அந்தக் கடைசி வரி என் காதில் ஏறவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் முட்டை நின்றது. ஆம்லெட் இல்லாமல் தூங்காத என் கணவர் அதைத் தள்ளுவண்டியில் சாப்பிட்டுவிட்டு வருவார். வாய் கொப்பளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொடலாம். பிஸ்கட் பாக்கெட்டின் பொடி எழுத்தைக் கடையிலேயே நின்று படிப்பேன். அவள் சாப்பிட்டதையெல்லாம் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதினேன். மாலையில் மாமா அவளைத் தூக்கிக்கொண்டு உலாவப் போவார். அந்த வரியில் தினமும் ‘வாய்க்கால் காற்று’ என்றிருக்கும்.

“ஏத்தா, கோழிய முத்தத்துல விடலாமா, அதுக்கும் ரத்தம் எடுக்கணுமா?” என்று மாமா கேட்பார். நான் சிரிக்கமாட்டேன். விடலாமா என்று யோசிப்பேன்.

ஒரு வருடம் ஓடிப் புரட்டாசி வந்தது. மறுபடி ரத்தம் எடுத்தோம். எண் பாதியாக இறங்கியிருந்தது, ஆனால் ‘பாசிட்டிவ்’ அப்படியே இருந்தது. எங்கே தவறவிட்டேன் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

“இந்த ஒரு வருஷத்துல முட்டை சேர்ந்தது ஏதாவது சாப்பிட்டாளா?”

“ஒரு துளி கூட இல்ல டாக்டர்” என்று நோட்டை நீட்டினேன்.

நெற்றியில் நாமத்தோடு நின்ற மாமா எனக்குச் சாட்சி சொன்னார். “முட்டையா? இவ விடுவாளா! கேக்கு மட்டுந்தான் டாக்டரம்மா. சாயங்காலம் வாய்க்கா பக்கம் டீக்கடை இருக்குல்ல, அங்கன. எனக்குப் பாதி, பிள்ளைக்குப் பாதி. சித்திரையில இருந்து.”

“மாமா! கேக்குல முட்டை இருக்கும் மாமா!”

“படிச்ச பிள்ள பேசுற பேச்சா இது? கேக்கு சைவம்த்தா. மைதாவும் சீனியும். புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்கே நான் டீயும் கேக்குந்தான் சாப்பிடுறேன்.”

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “ஐயா, முட்டை அடிச்சு ஊத்தித்தான் அந்தக் கேக்கைச் செய்வாங்க.”

மாமாவின் கை தானாக நாமத்துக்குப் போனது. “அப்ப இத்தன வருஷமா…”

“உங்க விரதம் எப்படியோ, எனக்கு நல்ல சேதி சொல்லிட்டீங்க. மாவோட சேர்ந்து நல்லா வெந்த முட்டை இவளுக்கு ஒத்துக்குது.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “ரத்தத்துல வர்ற எண், உடம்புக்கு முட்டையை அடையாளம் தெரியும்னு மட்டும் சொல்லும்மா. கண்டதும் சண்டை போடுமாங்கிறது சாப்பிட்டாத்தான் தெரியும். வீட்டுல முயற்சி பண்ணிராதீங்க. சனிக்கிழமை ஒரு முட்டையை அவிச்சுக் கொண்டு வாங்க. மருந்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இங்கயே கொஞ்சங்கொஞ்சமாக் கொடுத்துப் பாப்போம்.”

புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் அடுப்படியில் முட்டை. நான் மாமாவைப் பார்த்தேன்.

“நானே அவிக்கிறேன்” என்றார். “கெட்டது கெட்டாச்சு.”

சொன்னபடி சனிக்கிழமை விடியலில் குளித்து, நாமம் இட்டு, கொல்லையில் மூன்று செங்கல் வைத்து முட்டையை அவித்தார். அது கல்லாகும்வரை இறக்கவில்லை. டப்பாவைப் பேருந்தில் தேனிவரை மடியிலேயே வைத்திருந்தார்.

முதலில் பட்டாணி அளவு. பிறகு காத்திருப்பு. பிறகு சுண்டுவிரல் நுனி அளவு. மறுபடி காத்திருப்பு. மாமா தோளில் சாய்ந்து அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கண் இமைக்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் ‘பாசிட்டிவ்’ என்று சொல்லியும் கேட்காமல் பிள்ளைக்கு நானே ஊட்டிவிட்டேனே என்று மனது அரித்தது. கடைசித் துண்டும் உள்ளே போனது. சற்று நேரத்தில் அவள் கன்னத்தில் செக்கச்செவேலென்று ஒரு தடம்.

“டாக்டர்!”

நர்ஸ் ஊசியோடு ஓடிவந்தார். டாக்டரம்மா குனிந்து, கன்னத்தைப் பஞ்சால் துடைத்தார். தடம் பஞ்சோடு போய்விட்டது. நிமிர்ந்து மாமாவின் நெற்றியைப் பார்த்தார். நாமத்தின் சிவப்பு நடுக்கோடு பாதி அழிந்திருந்தது.

“இது அலர்ஜி இல்லம்மா, பெருமாள்.”

மேலும் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லி, ஒன்றும் வராததால், இனி முட்டை கொடுக்கலாம் என்று அனுப்பிவைத்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். “நல்ல சேதிக்கு யாராச்சும் அழுவாகளா?” என்று மாமா துண்டை நீட்டினார்.

சின்னமனூரில் பேருந்து மாற இறங்கியதும் அவள் பேக்கரிக் கண்ணாடியைக் காட்டிக் கை நீட்டினாள். மாமா கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“இதுல முட்டை இருக்கா?”

“இருக்குய்யா.”

“அப்ப பிள்ளைக்கு மட்டும் ஒண்ணு.”

அவள் தின்று முடிக்கும்வரை அவர் ரோட்டைப் பார்த்தபடி கறுப்புக் காப்பி குடித்தார். அன்று நோட்டில் ‘வாய்க்கால் காற்று’ என்று எழுதப் போனவள், அடித்துவிட்டுக் ‘கேக்’ என்று எழுதினேன்.