நான் இலையுதிர் காலமாம்

பினாங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அனுப்புவதற்காக, இன்று என்னைப் படம் எடுத்தார்கள்.

சேலையின் நிறத்தை முடிவு செய்தது சின்னம்மா. அவருடைய தம்பி கப்பலில் கொண்டுவந்த ஆங்கிலப் பத்திரிகையில், பெண்களை அவரவர் நிறத்தை வைத்து நான்கு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்களாம். அதில் சொன்னபடி என் மணிக்கட்டு நரம்பின் நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ இலையுதிர் காலம் ஆத்தா. ஒனக்கு நீலம் ஆகாது," என்றார்.

எனக்கு நீலம்தான் பிடிக்கும். அதை யாரும் கேட்கவில்லை.

காரைக்குடி ஜவுளிக்கடையில் ஒவ்வொரு சேலையாக என் தோளில் போட்டு, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று வாசல்வரை இழுத்துப் போனார். தெருவில் போனவர்களும் நின்று அபிப்பிராயம் சொன்னார்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு செங்கல் நிறச் சேலை தேறியது.

அதைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம்.

"நிறம் நல்லா எடுப்பாத் தெரியணும் தம்பி," என்றார் சின்னம்மா.

ஸ்டூடியோக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "இது கருப்பு வெள்ளைப் படம்க்கா. எதைக் கட்டிக்கிட்டு வந்தீகன்னாலும் சாம்பலாத்தான் விழும்."

சின்னம்மா அசரவில்லை. "அப்ப படத்துக்குப் பின்னாடி எழுதிக் குடுத்துருங்க."

"என்னன்னு எழுத?"

"சேலை செங்கல் நிறம். பொண்ணுக்கு எடுப்பா இருக்கு."

ஸ்டூடியோக்காரரும் மறக்காமல் ரசீதின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். என் படிப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மாப்பிள்ளைக்குச் சேலை பிடித்துப்போனால், அதை மட்டும் பார்சலில் அனுப்பிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.