சம்பந்தி வீட்டுச் சுவரில் ஒரு பாசிமாலை

ஜீப் ஓட்டுகிற ‘வியூபாயிண்ட்’ என்பவருக்கு, மேலே மலைஜனங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆதாரங்களும் கைவசம் இருந்தன. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம், கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் மட்டும் நின்று நிதானமாகப் பேசுகிறார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் வைக்கிறார். டீக்கடைக்காரர் ஒருநாள் அந்தப் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். அரிசி, குளியல் சோப்பு, முட்டிவலித் தைலம். தைலம் வாங்கிக்கொடுக்கிற அளவுக்கு முற்றிப்போன விவகாரம் என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

வதந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினால், முக்கால்வாசி உண்மையாகவே இருந்து தொலைக்கிறது. முட்டிவலி உண்மை. தைலம் உண்மை. உறவும் உண்மை. முறைதான் வேறு. அவள் அவருடைய கூடப்பிறந்த அக்கா. சின்ன வீடாக இருந்திருந்தால் ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு விட்டிருக்கும். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு நடந்திருப்பார். அக்காவாகப் போய்விட்டதால்தான் தலையைக் குனிய வேண்டியிருந்தது.

அவர் வதந்தியை மறுக்கவே இல்லை. மறுத்தால், பின்னே அவள் யார் என்று அடுத்த கேள்வி வருமே. சேதி வீட்டுக்கும் போனது. மனைவி துணி மடித்துக்கொண்டே, “பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் அப்படியே நெனச்சுட்டுப் போகட்டும் விடுங்க” என்றாள். கட்டினவளே புருஷனுக்கு இப்படி ஒரு நற்சான்று கொடுத்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வியூபாயிண்ட் என்பது ஊர் வைத்த பெயர். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜீப்பை நிறுத்திக்கொண்டு, பெட்டியோடு இறங்குகிறவர்களைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையையே கூவிக் கூவி, அது ஒட்டிக்கொண்டது. மேகம் மூடிய நாளிலும் வண்டியை ஓரங்கட்டி, இந்த வெள்ளைக்குப் பின்னால்தான் மூன்று சிகரம் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். ஜனங்களும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். முதலில் அருவி, அப்புறம் பள்ளத்தாக்கு, கடைசியில் மலைஜனங்கள் என்பது அவர் வரிசை.

அந்த மலைஜனத்தில் பிறந்தவர்தான் அவரும். சின்ன வயதில் லாட்ஜில் தட்டுக் கழுவ இறங்கி வந்தபோது, “நீ மேல இருக்கற ஜனமா?” என்று முதலாளி மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டார். இல்லை என்றார். அந்த ஒரு ‘இல்லை’யின் மேல் சுவர் எழுப்பி, கூரை போட்டு, கல்யாணம் செய்து, குழந்தையும் பெற்றுக்கொண்டார். பிறகு ஜீப் வாங்கியபோது, மலைஜனத்தைக் காட்டினால்தான் வண்டி ஓடும் என்று தெரிந்தது. தம்பி பிழைக்கட்டும் என்று அக்கா வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

ஏற்பாடு இதுதான்: அவள் அவருக்கு யாரோ. அவளுக்கு ஊர்ப்பேச்சு தெரியாது. வாரச்சந்தையில் கடைக்காரனோடு மல்லுக்கட்டி விலை குறைக்கிறவளுக்கு ஊர்ப்பேச்சு தெரியாதாம், வந்தவர்கள் நம்பினார்கள். அதனால் அக்காளும் தம்பியும் குடும்ப விவகாரம் முழுவதையும் சுற்றுலாக்காரர்களை நடுவில் நிற்க வைத்துக்கொண்டே தங்கள் பாஷையில் பேசி முடித்தார்கள். “தைலம் தீந்துபோச்சு. உன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்பாள் அக்கா. “காடுதான் எங்க அம்மா, ஆறுதான் எங்க அப்பான்னு சொல்றாங்க” என்று மொழிபெயர்ப்பார் தம்பி. வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். “ஆறா நம்ம அப்பன்? குடிச்சிட்டு அதுல விழுந்து எழுந்தான், அவ்வளவுதான்” என்பாள். ரொம்ப ஆழமாக ஒன்று சொல்கிறார்கள், நம் பேச்சில் அது வராது என்று விடுவார்.

ஒருநாள் படம் எடுக்கும்போது அக்கா உம்மென்று இருந்தாள். பல்வலி. படத்துக்குச் சிரித்தால் சிரிப்பு படத்தோடு போய்விடும் என்பது இவர்கள் நம்பிக்கை என்று வாய்க்கு வந்ததை அளந்தார் தம்பி. அது ஒரு பயணப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பின்னாலேயே ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து, நிஜமா என்று கேட்டார். தம்பி சொன்ன பொய்யை அக்கா விட்டுக்கொடுப்பாளா? தலையாட்டினாள். அன்றுமுதல் குடியிருப்பில் ஒருவரும் படத்துக்குச் சிரிப்பதில்லை. அது தொன்றுதொட்ட வழக்கம் என்று இப்போது உலகத்துக்கே தெரியும். சொத்தைப்பல்லைப் பிடுங்கிப் போட்டதுதான் யாருக்கும் தெரியாது.

இந்தப் பிழைப்பு இப்படியே ஓடியிருக்கும். மகளுக்குக் கீழே சமவெளியில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பெண்ணின் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று தரகர் மூலமாகச் சொல்லியாயிற்று. நிச்சயம் பேச மாப்பிள்ளையின் அப்பா அம்மா இருவரும் மலைக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள். அதுதான் கஷ்டம், கெட்டவர்களாக இருந்தால் ஏமாற்றுவதில் ஒரு ஆறுதலாவது இருக்கும்.

காப்பி குடித்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா ஜீப்பின் பின்பக்கம் ஒட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்தாள். சிரிக்காத முகம், கழுத்தில் பாசிமாலை. “இவங்களைப் பாக்கணும் சம்பந்தி” என்றாள். ரோடு சரியில்லை என்றார். மேகம் என்றார். பிரேக்கில் சத்தம் வருகிறது என்று கூடச் சொன்னார். அப்படியானால் மெதுவாகவே போகலாம் என்றார் பெரியவர்.

அக்கா வாசலில் இருந்தாள். யார் வருகிறார்கள் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. தலை வாரி, துவைத்த சேலை கட்டியிருந்தாள்.

“இவங்கதானா?” என்று தங்கள் பாஷையில் கேட்டாள்.

“இன்னிக்குக் குளிர் ஜாஸ்தின்னு சொல்றாங்க” என்றார் தம்பி.

“பையனைப் பெத்தவ முகத்துல கள்ளமில்ல. புள்ளைய நல்லா வச்சுக்குவா.”

“உங்களுக்கு நல்ல மனசாம்.” பக்கத்திலாவது வந்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

அக்கா கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். “நான் புள்ளைக்கு அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா. கல்யாணத்துக்கெல்லாம் வரல. சொன்னாப் போதும்.”

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். ஆயிரம் பேருக்குக் காட்டின பள்ளத்தாக்கு. அன்றைக்குத்தான் தானே பார்க்க நேர்ந்தது.

“என்ன சொல்றாங்க?” என்றாள் சம்பந்தி.

“படம் எடுத்துக்கலாம்னு சொல்றாங்க.”

அவ்வளவும் அக்காவுக்குப் புரிந்தது. சந்தைப்பேச்சில் அவள் ஒரு வரி சொன்னால் போதும். சுவர், கூரை எல்லாம் சரிந்திருக்கும். அவளோ கழுத்திலிருந்த பாசிமாலையைக் கழற்றினாள். அவர்கள் அம்மாவுடையது. நடுவில் ஒரு பாசி உடைந்தபோது, தம்பியின் சட்டையிலிருந்து ஒரு நீலப் பொத்தானைப் பிய்த்து அந்த இடத்தில் கோத்திருந்தாள். அதைச் சம்பந்தியின் கையில் வைத்து, “புள்ளைக்கு” என்றாள், தங்கள் பாஷையில்.

“விக்கிறாங்களா? எவ்வளவுன்னு கேளுங்க சம்பந்தி.”

“அது... அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

பெரியவர் படம் எடுத்தார். சம்பந்தி நெருங்கி உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டாள். அக்கா சிரித்தாள், பல் விழுந்த இடம் தெரியத் தாராளமாகச் சிரித்தாள். “இவங்க சிரிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே?” என்று கேட்டார் பெரியவர். தம்பி போய் ஜீப்பைக் கிளப்பினார். இறங்கும்போது அவர் எந்த வியூபாயிண்டிலும் வண்டியை நிறுத்தவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. முடிந்து, ஒரு சேலையை வாங்கிக்கொண்டு, ஆளில்லாத ஜீப்பில் மேலே போனார். அக்கா சேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. “புள்ள மாலையைப் போட்டுக்கிட்டாளா?” என்று மட்டும் கேட்டாள்.

“போட்டுக்கிட்டா” என்றார். கேட்க வெளியார் யாரும் இல்லாத இடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

கொஞ்ச நாளில் மகள் போன் செய்தாள். சிறு வயதில் அப்பாவின் ஜீப்பில் ஏறிப் போய் அந்த மாலையைப் பிடித்து இழுத்து விளையாடினவள். அப்புறம் அத்தையைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று தானாகவே புரிந்துகொண்டவள். “அப்பா, இங்க ஹால்ல கடிகாரத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு அத்தையோட மாலையை மாட்டியிருக்காங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் மாமியார் காட்டறாங்க. பொத்தானைக்கூடத் தொட்டுக் காட்டறாங்க.”

அவர் அங்கே வெயில் எப்படி என்று விசாரித்தார்.

மகள் விடவில்லை. “என்கிட்டயும் காட்டினாங்க. அழகா இருக்கு, எங்க வாங்கினீங்கன்னு கேட்டுட்டேம்பா” என்றாள். அவருக்குக் காது சுட்டது. மகளுக்குச் சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை என்று நினைத்திருந்தார். இதைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

அதற்குள் சம்பந்தி ஹாலுக்கு வந்து போனை வாங்கிக்கொண்டாள். அந்தம்மாவிடம் மாலையை வாங்கிக்கொண்டு சும்மா வந்துவிட்டோமே, ராத்திரி படுத்தால் அதே நினைப்பாக இருக்கிறது என்றாள். “ஏழைப்பட்டவங்க பொருள் சம்பந்தி. என்ன விலைன்னு கேட்டுச் சொல்லுங்க, அனுப்பிடறேன்.”

“கேட்டுச் சொல்றேன்” என்றார்.

சீசன் வந்துவிட்டது. ஜீப் தினமும் மேலே போகிறது. அக்கா வெறுங்கழுத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். காடு அம்மாவாகவும் ஆறு அப்பாவாகவும் இருந்துவருகின்றன. டீக்கடையில், சின்ன வீட்டுக்காரியின் மாலையை வியூபாயிண்ட் அடகு வைத்துத்தான் மகள் கல்யாணத்தை முடித்தார் என்று இப்போது பேச்சு. அதையும் அவர் மறுக்கவில்லை.

சம்பந்தியோ விடுகிற வழியாக இல்லை. போன் போடும்போதெல்லாம் விலையைக் கேட்கிறாள். நேற்றும் கேட்டாள். மேலே இன்னும் போக முடியவில்லை, ரோடு சரியில்லை என்று சொன்னார்.