தாவல் ஆட்டத்தின் எட்டாவது கோட்டை

"2005 நவம்பர் 6, ஞாயிறு. காலையிலிருந்து மழை. உப்பளத்தில் வேலை இல்லை. மூன்று பேர், மூன்று ஆட்டம். ஆட்டத்துக்கு மார்க் போடுவதாக முடிவு."

என் நோட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மூன்று பேர் என்பது நான், என் தம்பி, அக்கா மகள். எனக்கு அப்போது முப்பது, தம்பிக்கு இருபத்தொன்று, அவளுக்குப் பன்னிரண்டு. தீபாவளிக்கு அக்காவோடு வந்தவள், மழையால் பள்ளி திறக்காததால் மரக்காணத்திலேயே தங்கிவிட்டாள். தம்பி அந்த வருடம்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்திருந்தான். அதோடு வந்த சி.டி. ஒன்றில் டி.வி.யில் கேசட் செருகி ஆடிய காலத்து வீடியோ ஆட்டங்கள் எல்லாம் இருந்தன. சண்டை அங்கிருந்துதான் தொடங்கியது.

ஆட்டங்களின் ஆங்கிலப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழைந்ததில்லை. என்னுடையது தாவல்: ஒருவன் தாவித்தாவி எட்டுக் கோட்டைகளைக் கடக்க வேண்டும். தம்பியுடையது குத்து, இரண்டு பேர் அடித்துக்கொள்வது. புதுச்சேரியில் காசு போட்டு ஆடும் கடையில் கற்றுக்கொண்டான். அவளுடையது வண்டி, கார் பந்தயம். மூன்றுக்குமே முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வரிசை உண்டு. எந்த வரிசை சிறந்தது என்பதே கேள்வி.

நான் கட்டம் போட்டேன். இசை, கஷ்டம், முடிவு என்று மூன்று தலைப்பு.

"முடிவுன்னா இன்னா மாமா?" என்றாள்.

"ஆட்டம் முடிஞ்சா கடைசியில இன்னா வருதுங்கறது."

"வண்டியில முடிவே கிடையாதே. அடுத்த ரேஸ் வரும்."

"அதான் உனக்கு அங்க சைபர்."

தம்பி சிரித்தான். "தலைப்பு போடும்போதே ஜெயிச்சிட்டாரு பாரு உங்க மாமா."

அவன் சொன்னது சரிதான். நான் அந்தத் தலைப்பைப் போட்டதே ஜெயிப்பதற்காக. ஆளாளுக்குத் தன் வயதின் ஆட்டம் பிடிக்கும், அதில் வாதமில்லை. ஆனால் முடித்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். 1996-ஆம் வருட நோட்டை எடுத்துவந்து காட்டினேன். மே 19, ஞாயிறு: "தாவல் முடிந்தது. எட்டுக் கோட்டை." அளத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சிநேகிதன் வீட்டில் ஆடியது. கடைசிக் கோட்டை செங்கல் செங்கலாக இடிந்து விழும், தூசி அடங்கியதும் வானம் வெளுக்கும். இதை ஒன்பது வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"சரி, இடியறத நான் பாக்கணும்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டரில் ஒரு வசதி. எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம், செத்தால் அங்கிருந்தே தொடரலாம். எங்கள் காலத்தில் மூன்று உயிர்தான். இது ஆட்டமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. அன்று மாலைக்குள் மூன்றாவது கோட்டை. திங்கள் இரண்டு முறை கரண்ட் போயும் ஆறாவது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். பாத்தி எல்லாம் ஒரே தண்ணீர், உப்புக் குவியல்கள் கீற்றுக்கு அடியில். பார்க்க ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

செவ்வாய் காலை பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாள். எட்டாவது கோட்டை. எதிரி விழுந்தான். இசை மாறியது. திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. அவ்வளவுதான். கோட்டை அப்படியே நின்றது.

"மாமா, எப்ப இடியும்?"

"இரு."

ஐந்து நிமிடம் பார்த்தோம். இடியவில்லை.

"எங்க கேசட்டு வேற. டூப்ளிகேட் கேசட்டு. அதுல முடிவை மாத்தியிருப்பான்" என்றேன். இப்போதும் அது முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன்.

தம்பி 1996 நோட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். அதன் பின்பக்கங்களில் அளத்து டிகிரி இருக்கும். உப்புநீரின் அடர்த்தியைத்தான் டிகிரி என்போம். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது என் வேலை. இருபத்துநாலு வந்தால் தண்ணீரைப் பாத்திக்கு விடலாம்.

"ஏண்ணா, காலையில இருபத்துமூணு இருந்தா, மாலைக் கட்டத்துல அப்பவே இருபத்துநாலுன்னு போட்டுருவதானே?"

"எல்லாரும் போடுவாங்க. வெயில் காலத்துல ஏறாம எங்க போவுது."

"அதத்தாண்ணா கேக்கறேன். ஏழு கோட்டை தாண்டிட்ட. எட்டு எங்க போவுதுன்னு எழுதிட்டியா?"

மே 19, அந்த ஞாயிற்றுக்கிழமையை யோசித்தால் திரை ஞாபகம் வருகிறது, கை வலித்தது வருகிறது, சிநேகிதனின் அம்மா கொடுத்த மோர் வருகிறது. கோட்டை இடிவது மட்டும் நான் சொல்லிச்சொல்லிப் பழகிய வார்த்தைகளாகவே வருகிறது.

தம்பி நோட்டை மூடினான். கோபமாகப் பேசவில்லை. "எனக்கு அப்ப பன்னண்டு வயசு. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கண்ணன் முடிச்சிட்டாருன்னு. ஒருத்தன் நம்பலன்னு அவன அடிச்சேன்."

"சின்ன மாமாவுக்கு அப்பவே குத்துதான்" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை என்றதும் எழுந்துபோய் அடுப்படியில் அக்காவோடு பேச ஆரம்பித்தாள்.

மறுநாள், நவம்பர் 9, புதன், காலையிலேயே சிநேகிதனின் நம்பரைத் தேடினேன். அவன் திருப்பூர் பக்கம் போய் ஆறு வருடம். அவன் மாமனார் கிளியனூரில் கடை வைத்திருந்தார். பஸ் பிடித்துப் போய் நம்பரை வாங்கி, பக்கத்து பூத்திலிருந்தே பேசினேன். தம்பியும் கூட வந்திருந்தான். நான் அழைக்கவில்லை.

"டேய், தாவல் ஆட்டம் ஞாபகம் இருக்குதா? உங்க வீட்ல, மே மாசம், எட்டாவது கோட்டை. நான் முடிச்சேனே."

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். "நீயா? நான்தாண்டா முடிச்சேன். நீ வேலைக்குப் போவணும்னு பாதியில எழுந்து போயிட்ட."

"அது ஞாயித்துக்கெழமைடா."

"ஞாயித்துக்கெழம உப்பு காயாதா?"

"சரி, முடிவுல இன்னா வந்துது?"

"கோட்டை இடிஞ்சுதுடா. நீதான அப்பிடிச் சொல்லுவ?" என்றான்.

ரிசீவரை வைத்துவிட்டுத் தம்பியிடம் நடந்ததை ஒரு வரி கூட்டாமல் சொன்னேன். "இத எழுதுவியா?" என்று கேட்டான். எழுதுவேன் என்றேன். பஸ் வரும்வரை நான் உட்காரவில்லை, அவனும் உட்காரவில்லை.

மார்க் கட்டத்தில் தாவலுக்கு நேரே, முடிவு என்ற தலைப்பின் கீழ், போட்டிருந்த பத்து மார்க்கை அடித்துவிட்டு வெற்றாக விட்டேன். பழைய பதிவை அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதினேன்: "1996 மே 19 அன்று எட்டாவது கோட்டையை முடித்தது நானா, அவனா, இருவருமே இல்லையா என்பது உறுதிப்படவில்லை. அன்று மாலை நான் அளத்துக்குப் போனேனா என்பதும் தெரியவில்லை. அந்தத் தேதியின் மாலை டிகிரி நோட்டில் இருக்கிறது. அதையும் பார்த்துத்தான் எழுதினேனா என்று சொல்ல முடியவில்லை."